வால் நட்சத்திரமும் பன்னிரண்டு பிளேட்டும்

போன மாதம் சாயங்கால வானத்தில் வால் நட்சத்திரம் தெரிந்தபோது, நான் வேலை பார்த்த ஸ்டூடியோவில் இப்போது இருக்கும் பெண்கள் இரண்டு பேர் மொட்டை மாடியில் காமிராவை நிறுத்தினார்கள். நிறுத்திவிட்டுக் கீழே வந்து என்னோடு உட்கார்ந்து காப்பி குடித்தார்கள்.

"மேலே யார் இருக்கிறது?" என்று கேட்டேன்.

"யாரும் வேணாம் ஆயா. அதுவே நிமிஷத்துக்கு ஒண்ணு எடுத்துக்கும். அப்புறம் வரிசையா ஓட்டினா நட்சத்திரம் இறங்குறது தெரியும்."

"இதை நாங்க மாம்பலத்துல கண்ணாடி பிளேட்ல செஞ்சிருக்கோம்" என்றேன். ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். பரவாயில்லை, அவசரம் ஒன்றும் இல்லை.

என் பெயர் பாக்கியம். சாந்தோம் பக்கத்துக் குப்பம். மயிலாப்பூரில் காதர் மாஸ்டர் வைத்திருந்த ஸ்டூடியோவில் முப்பத்தொரு வருஷம் இருட்டறை வேலை செய்தேன். என் பொறுப்பு தண்ணீர். கண்ணாடி பிளேட்டின் மேல் ஆடை மாதிரி ஒரு பூச்சு இருக்கும். படம் விழுவது அதில்தான். தண்ணீரில் உப்பு இருந்தால் கறை, மண் இருந்தால் கீறல், சூடு இருந்தால் ஆடையே வழிந்து போய்விடும். ஆள் எவ்வளவு அழகாக உட்கார்ந்திருந்தாலும், மாஸ்டர் எவ்வளவு நன்றாக எடுத்திருந்தாலும், கடைசியில் எல்லாம் என் பானைக்குத்தான் வந்தாக வேண்டும்.

அந்த வேலை எனக்குக் கிடைத்தது நாக்கினால். மாஸ்டர் வீட்டுக்கு மீன் கொடுக்கப் போவேன். ஒரு நாள் அங்கே தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "இன்னா பாய், குழாத் தண்ணில உப்பு ஏறிக்கீது?" என்றேன். அவர் உள்ளே போய் ஒரு சின்னக் குப்பி எடுத்து வந்தார். அதிலிருப்பது வெள்ளி கரைத்த மருந்து. உப்புத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் பால் மாதிரி வெளுக்கும். விட்டார். வெளுத்தது. மறுநாள் மூன்று தம்ளரில் தண்ணீர் வைத்து, "எது எப்படி, சொல்லு பார்ப்போம்" என்றார். குடித்துப் பார்த்து வரிசையாகச் சொன்னேன். பிறகு சொட்டு விட்டார். வரிசை மாறவில்லை.

"மீன் கூடையை நாத்தனார் கிட்ட குடுத்துடு. நீ இங்க வந்துடு" என்றார்.

மற்ற ஸ்டூடியோக்காரர்கள் சிரித்தார்கள். பொம்பளைக்கு, அதுவும் குப்பத்துப் பொம்பளைக்கு, இருட்டறையில் இன்னா வேலை என்று அவர் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். "தண்ணி ருசி பார்க்கற வேலை" என்று பதில் சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் பீடியைப் பற்ற வைத்துக்கொள்வார். பழகிக்கொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆனது. அந்தக் கதை வேண்டாம்.

மாஸ்டரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் கத்தி நான் கேட்டதில்லை. சாதாரணமாக எங்களை எல்லாம் "நீ, வா, போ" என்பார். கோபம் வந்தால் மரியாதை வந்துவிடும். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாரானால் நாங்கள் சுவரோரம் போய்விடுவோம். ஒரு முறை லென்ஸில் விரல் வைத்த ஆளை "ஐயா, நீங்க நாளைக்கு வர வேணாம்" என்றார். அந்த ஆள் மறுநாள் வரவில்லை.

ஸ்டூடியோ இருந்தது ஒரு வக்கீல் வீட்டுத் தோட்டத்தில். வக்கீல் ஐயா குதிரை வண்டியை விற்று மோட்டார் வாங்கியதும் பழைய வண்டிக் கொட்டகையை மாஸ்டருக்கு வாடகைக்கு விட்டார். அவர் சம்சாரத்தை நாங்கள் மாமி என்போம். நல்ல மனுஷி, ஆனால் ஆசாரம் அதிகம். நான் பக்கத்தில் போனால் புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொள்வாள். மாமரத்தடியில் வரிசையாக இருந்த என் ஆறு பானைகளையும் சுற்றிக்கொண்டு போவாளே தவிர, அவற்றின் நிழலைக்கூட மிதிக்க மாட்டாள். தெருக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, படிகாரம் சுற்றி, மூன்று நாள் தெளிய விட்டு, துணியால் வேடு கட்டி வைத்திருப்பேன். அதுதான் பிளேட் கழுவும் தண்ணீர்.

இருபதுகளின் கடைசியில் ஒரு மார்கழியில் அந்த வால் நட்சத்திரம் வந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் மேற்கே தெரியும். ஊரே பயந்தது. ராஜா சாவார் என்றார்கள், காலரா வரும் என்றார்கள். மாமி சாயங்காலம் ஆனால் மேற்கு ஜன்னலைச் சாத்திவிட்டு வெளியே தலை காட்டவே மாட்டாள்.

காலேஜில் பாடம் சொல்லும் வாத்தியார் ஒருவர் மாஸ்டரிடம் வந்தார். வால் நட்சத்திரத்தை ஒரு படம் எடுத்தால் போதாதாம். காமிராவை அசைக்காமல் நிறுத்தி, நாலு நிமிஷத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு படம் வேண்டுமாம். அவற்றை லாந்தர்ப் பெட்டியில் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் காட்டினால், நட்சத்திரம் இறங்கி மறைவது அப்படியே தெரியுமாம்.

"வேறு ஸ்டூடியோக்களில் கேட்டேன். முடியாது என்கிறார்கள். சனிக்கிழமை காலேஜில் காட்டுவதாகச் சொல்லிவிட்டேன்" என்றார் வாத்தியார்.

"முடியும்" என்றார் மாஸ்டர். அவ்வளவுதான். கொட்டகை வாசலில் நின்று சொன்ன அந்த ஒரு வார்த்தை ஒரு மணி நேரத்தில் மயிலாப்பூர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

முதல் நாள் கொட்டகைக் கூரையிலிருந்து பார்த்தோம். ஊரெல்லாம் அடுப்பு மூட்டும் நேரம், ஒரே புகை. இரண்டாம் நாள் மேகம். அதற்குள் நட்சத்திரம் நாளுக்கு நாள் மங்கிக்கொண்டே வந்தது. வளர்பிறை நிலா வேறு பெருத்துக்கொண்டிருந்தது. "நாளைக்கு விட்டா இல்ல" என்றார் மாஸ்டர். மூன்றாம் நாள் ஜட்கா பிடித்து, தேனாம்பேட்டை வழியாக மாம்பலத்துக்குப் போனோம். ஏரியைத் தூர்த்து மனை பிரித்துக்கொண்டிருந்த காலம். மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் தரை, ஒற்றைப் பனைமரம். பாதி கட்டின வீடு ஒன்றின் மாடியில் காமிராவை வைத்தார். முக்காலியின் மூன்று காலையும் மணல் நிரப்பின டின்னில் புதைத்தார்.

பிளேட்டை வைக்கும் மரச் சட்டம் ஆறு. ஒவ்வொன்றிலும் முன்பக்கம் ஒரு பிளேட், பின்பக்கம் ஒரு பிளேட். எடுத்த பக்கத்தையே மறுபடி எடுத்துவிட்டால் இரண்டும் போயிற்று. அதனால் இரண்டு பக்கத்திலும் நூல் கட்டியிருந்தேன். எடுத்து முடிந்த பக்கத்து நூலில் வலை முடிச்சு ஒன்று போட்டுவிடுவேன். இருட்டில் விரல் தடவினால் போதும்.

மாஸ்டர் தன் கறுப்பு வெல்வெட் தொப்பியை லென்ஸுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு மூடியைக் கழற்றுவார். காமிரா ஆட்டம் அடங்கட்டும் என்று மூச்சு விடும் நேரம் பொறுத்துத் தொப்பியை விலக்குவார். நான் இருபது எண்ணுவேன். தொப்பி திரும்ப வரும். நேரம் சொல்ல வாத்தியார் கடிகாரம் கொண்டு வந்திருந்தார். இருட்டினதும் முள் தெரியவில்லை. தீக்குச்சியைக் கிழிக்கப் போனார்.

"சார், அதை உள்ள வைங்க" என்றார் மாஸ்டர். "பாக்கியம் எண்ணுவா."

"நாலு நிமிஷத்தையுமா?"

"பத்து நிமிஷம்கூட எண்ணுவா. வருஷக் கணக்கா இருட்டுல அதான பண்ணிக்கினு கீறா."

நான் ஆரம்பித்தேன். "லாபம், ரெண்டு, மூணு..."

வாத்தியார் சிரித்தார். "ஒன்று எங்கே போயிற்று அம்மா?"

"மீன் எண்ணுறப்ப முதல்ல லாபம்தான் சார் சொல்வோம். பேசாதீங்க, ஆறு, ஏழு..."

பன்னிரண்டும் எடுத்து முடித்தபோது நட்சத்திரத்தின் தலை மண்ணுக்குள் போய் வால் மட்டும் மங்கலாக நின்றது. ஜட்கா விளக்கடியில் வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்தார். என் கணக்குக்கும் அதற்கும் அரை நிமிஷம்கூட வித்தியாசம் இல்லை. அவர் கடிகாரத்தைக் காதில் வைத்து ஓடுகிறதா என்று பார்த்தார். எனக்கு அது பிடித்திருந்தது.

பிளேட் கழுவ விடிகாலைதான் நேரம். வெயில் ஏறினால் தண்ணீர் சுட்டுவிடும். மறுநாள் இருட்டோடு வந்தேன். முந்தின நாள் மத்தியானமே ஆறு பானையும் ருசி பார்த்து வைத்திருந்தேன். ஒவ்வொரு முறையும் மொள்ளும்போது ருசி பார்ப்பது என் வழக்கம். அன்றைக்குப் பார்க்கவில்லை. மாஸ்டர் உள்ளே தயாராக நின்றார், வாத்தியார் வாசலில் நடந்துகொண்டிருந்தார், நேற்றுப் பார்த்த தண்ணீர்தானே என்று விட்டுவிட்டேன். துணியில் வடிகட்டும்போது விரலில் புல் மாதிரி ஏதோ தட்டியது. உதறிவிட்டேன். அது என் தப்பு. ஒளிக்க ஒன்றும் இல்லை.

கதவைச் சாத்தினோம். சிவப்பு விளக்கு மட்டும். முதலில் பிளேட்டை வெறும் தண்ணீரில் முக்கி நனைக்க வேண்டும், பிறகு படத்தை வர வைக்கும் மருந்து, பிறகு கழுவி, வந்த படத்தை நிலைக்க வைக்கும் ஹைப்போ. ஹைப்போ நேற்றுக் கலந்தது. மருந்தைப் புதிதாக என் தண்ணீரில் கலந்தார். முதல் பிளேட்டில் அந்தி வெளிச்சம் அதிகம், போனாலும் பெரிதில்லை என்று அதைத்தான் சோதனையாக முதலில் எடுத்தார். நனைத்தார், மருந்தில் போட்டார், டிரேயை மெல்ல ஆட்டச் சொல்லி என்னிடம் கொடுத்தார். இரண்டாவது பிளேட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

ஈர விரலால் உதட்டைத் துடைத்தேன். துடைத்தேனோ, பழக்கத்தில் நக்கினேனோ. நாக்கில் மஞ்சள்.

இரண்டாவது பிளேட் தண்ணீருக்கு நாலு விரல் மேலே இருந்தது. அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். அவரை அதற்கு முன்னால் நான் தொட்டதே இல்லை.

"கையை எடுங்க" என்றார்.

"மாஸ்டர், தண்ணில மஞ்சள் கீது."

"இன்னா சொல்றீங்க? தண்ணி தெளிவா தெரியுதே."

"சிவப்பு வெளிச்சத்துல மஞ்சள் எங்க தெரியும்? உள்ள முக்காதீங்க, கால்ல விழறேன்."

நான் பிடியை விட்டேன். பிறகு இரண்டாவது பிளேட்டைப் பெட்டியில் வைத்து மூடினார். முதல் பிளேட்டை ஹைப்போவில் போட்டு, காத்திருந்து, வெள்ளை விளக்கை ஏற்றினார். நனைத்த தண்ணீர் மஞ்சளாக இருந்தது. மருந்து டிரேயில் காரம் பட்டு மஞ்சள் சிவந்து, வெற்றிலை எச்சில் துப்பினாற்போல் இருந்தது. பிளேட் முழுக்கப் பழுப்பு. மேலே பொடிப்பொடியாகத் துகள்.

"பாக்கியம்மா, நீங்க கொஞ்சம் வெளியே இருங்க" என்றார்.

நான் மாமரத்தடிக்குப் போனேன். ஆறு பானையிலும் அடியில் மஞ்சள் படிந்திருந்தது. நான் மொண்டதைத் தவிர ஒவ்வொன்றிலும் ஒரு தர்ப்பைப் புல். மாமி வாசல் தெளிக்கச் செம்போடு வந்தாள்.

"மாமி, என் பானைல..."

"நேத்து வெளக்கு வெக்கற நேரத்துல, தலை நிமிராம வந்து நான்தாண்டி போட்டேன்" என்றாள், சந்தோஷமாக. "அந்தப் பீடை எல்லாத் தண்ணி மேலயும் வெளிச்சம் போடறதே, தோஷமில்லையா? எங்காத்து அண்டாவுக்கெல்லாம் போட்டேன். நீயும் கொழந்தைகளை வெச்சிண்டிருக்கே, உன்னதுக்கும் போட்டுடலாம்னு தோணித்து. பானையைத் தொடலைடி, பயப்படாதே. துணியைக் குச்சியால தள்ளிட்டு ஒசரத்துலேர்ந்துதான் போட்டேன்."

நான் கத்திவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். நிழலை மிதிக்காதவள் விளக்கு வைக்கும் நேரத்தில், அந்த நட்சத்திரத்துக்கு அடியில், முதல் தடவையாக என் பானைக்கு அருகே வந்து நின்றிருக்கிறாள். "நல்லது மாமி" என்றேன்.

திரும்பிப் போய் மாமி செய்ததைச் சொன்னேன். வாத்தியார் சுவரில் சாய்ந்திருந்தார். "வேறு தண்ணீர் இல்லையா?" என்றார்.

"குழாத் தண்ணி மழைல கலங்கிக் கீது. தெளிய மூணு நாள் ஆவும்" என்றார் மாஸ்டர்.

"மூன்று நாளா? சனிக்கிழமைக்குள் பிளேட் காய்ந்து, அதிலிருந்து ஸ்லைடு எடுக்க வேண்டுமே!"

மாஸ்டர் பீடியை எடுத்தார், பற்ற வைக்கவில்லை. சரி, என் வேலை முடிந்தது, நாளையிலிருந்து கூடைதான் என்று நினைத்தேன். நினைத்தபோதே குப்பத்து ஊற்று ஞாபகம் வந்தது.

கடலோரத்தில், அலை ஏறாத மேட்டு மணலில் முழங்கை ஆழம் தோண்டினால் தண்ணீர் ஊறும். மழைத் தண்ணீர் மணலில் இறங்கித் தங்கியது. நாங்கள் குடிப்பது அதைத்தான்.

"மாஸ்டர், ஒரு மணி நேரம் குடுங்க" என்றேன்.

"கடல் தண்ணியா?" என்றார் வாத்தியார்.

நான் நிற்கவில்லை. ஓட்டமும் நடையுமாகக் குப்பத்துக்குப் போனேன். நாத்தனார் ரோஸம்மா கூடையோடு கிளம்பிக்கொண்டிருந்தாள். "கூடையை வை, குடத்தை எடு" என்றேன்.

"இன்னா அண்ணி, உன் சாயபு ஸ்டூடியோல தீ புடிச்சிக்கிச்சா?"

"தீயா இருந்தா கடல் தண்ணி போதுமே. தோண்டுடி."

புதிதாக ஒரு ஊற்று தோண்டி, முதலில் வந்த கலங்கலை இரண்டு தடவை இறைத்துக் கொட்டிவிட்டு, தெளிந்து ஊறினதைக் கொட்டாங்கச்சியால் மொண்டு நாலு குடம் நிரப்பினோம். ஒவ்வொரு குடத்தையும் ருசி பார்த்தேன். ஒன்றில் லேசாகக் கரித்தது. அதைக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்பினேன். தலையில் ஒன்று இடுப்பில் ஒன்றாக இரண்டு பேரும் வந்தோம். வழியெல்லாம் வெயில் வந்துவிடுமோ என்று கிழக்கைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். மார்கழிப் பனி அன்றைக்கு எனக்காகவே நின்றது போல் இருந்தது.

மாஸ்டர் ஒரு தம்ளரில் தண்ணீரை எடுத்தார். வெள்ளி மருந்துக் குப்பியைத் திறந்து ஒரு சொட்டு விட்டார். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். ரோஸம்மாவும் ஏதோ தெய்வம் வரப் போகிறது என்று குனிந்து பார்த்தாள். குழாய்த் தண்ணீரே லேசாக வெளுக்கும். இது வெளுக்கவே இல்லை. தம்ளரை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். அப்போதும் இல்லை.

"பாக்கியம்" என்றார், "நீ டிரேயெல்லாம் கழுவு."

அந்த "நீ" காதில் விழுந்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

மருந்தைப் புதிதாகக் கலந்தார். இரண்டாவது பிளேட் தண்ணீரில் இறங்கியது, மருந்தில் இறங்கியது. நான் எண்ணினேன். முப்பது, நாற்பது, ஒன்றும் இல்லை. ஐம்பதில் வானம் லேசாகக் கறுத்தது. பிளேட்டில் வெளிச்சம் பட்டது கறுப்பாகும், இருட்டு கண்ணாடியாகவே நிற்கும். பனைமரம் கண்ணாடியாக ஓரத்தில் வந்தது. அதன் பக்கத்தில் ஊசியால் கீறினது போல் ஒரு கறுப்புக் கோடு, கீழே ஒரு புள்ளி. கோடு மேலே போகப் போக விரிந்தது. மாஸ்டர் "யா அல்லா" என்றார், மெதுவாக. எண்ணிக்கையை விட்டுவிடக்கூடாதே என்று நான் மட்டும் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

பதினொன்றும் வந்தன. ஒரு கீறல் இல்லை, ஒரு கறை இல்லை. கடைசிப் பிளேட்டைக் கழுவி நிறுத்தியபோது வெளியே வெயில் வாசல்படிக்கு வந்துவிட்டது. குடத்தில் ஒரு சொம்புத் தண்ணீர்தான் மிச்சம். அதை மாஸ்டர் குடித்தார்.

வாத்தியார் கெட்டுப் போன முதல் பிளேட்டையும் விடவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, "இந்தப் பக்கம் நாற்பது நட்சத்திரம் அதிகம் தெரிகிறதே!" என்றார்.

"அது மாமி கண்டுபிடிச்ச நட்சத்திரம் சார்" என்றார் மாஸ்டர். அந்தப் பிளேட் இன்றைக்கும் என் பெட்டியில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், காலேஜுக்குக் கொண்டுபோகுமுன் சரிபார்க்க, லாந்தர்ப் பெட்டியைத் தோட்டத்தில் வைத்துக் கொட்டகைச் சுவரில் காட்டினார்கள். வக்கீல் ஐயா நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அடுக்களைக் கதவுக்குப் பின்னால் மாமி நின்றாள். அவள் அந்த நட்சத்திரத்தை அதுவரை பார்த்ததே இல்லை. சுவரில் தெரிந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு ஒரு கண்ணைத் திறந்தாள்.

மாஸ்டர் ஒவ்வொன்றாகத் தள்ளினார். பனைமரம் நின்ற இடத்திலேயே நின்றது. நட்சத்திரம் அதன் தலைக்கு வந்தது, கழுத்துக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, காலடிக்கு வந்தது. கடைசிப் படத்தில் தலை இல்லை, வால் மட்டும் தரைக்கு மேலே மெலிசாக நின்றது. பிறகு வெறும் சுவர்.

"போயிடுத்தாடி?" என்றாள் மாமி.

"போயிடுச்சி மாமி."

"அப்பாடா!" என்று அவள் விட்ட மூச்சு தோட்டம் முழுக்கக் கேட்டது. "எல்லாம் நான் போட்ட மஞ்சள்தான், பார்த்துக்கோ."

மாஸ்டர் இருமினார். இருமல் நிற்க நேரமாயிற்று. "ஆமா மாமி" என்றேன் நான்.

மறுநாள் தச்சரிடம் சொல்லி ஆறு பானைக்கும் கனமான மரமூடி செய்து போட்டேன். அதற்குப் பிறகு நான் வேலையை விடும் வரைக்கும் ருசி பார்க்காமல் ஒரு சொட்டுத் தண்ணீரும் இருட்டறைக்குள் போனதில்லை, ஒரு பிளேட்டும் கெட்டதில்லை.

மூடியைப் பார்த்ததும் மாமி மாமரத்துக்குக் கீழேயே வந்துவிட்டாள். பானைகளைச் சுற்றிக்கொண்டு போகவில்லை.

"ஏண்டி, இப்படி அழுத்தமா மூடி வெச்சிருக்கியே, அடுத்த தடவை ஒண்ணு வந்தா நான் எப்படி மஞ்சள் போடறது?"

"ஒரு குரல் குடுங்க மாமி," என்றேன். "நானே வந்து தொறந்து விடறேன்."